காகிதத்தில் பதிந்த கோயில்கள்

சில மாதங்களுக்கு முன் ஒளியியல் வகுப்பில் மாணவர்களுக்கு ஒரு பழைய படத்தைக் காட்டினேன். மதுரை மீனாட்சியம்மன் கோயில். 1858ஆம் ஆண்டில் எடுத்த படம். கோபுரத்தின் நிலைகள், சுதைச் சிற்பங்கள், அடிவாரத்தின் கல்வரிசை எல்லாம் தெளிவாகத் தெரிகின்றன. வகுப்பு சிறிது நேரம் அமைதியாகப் பார்த்தது. பிறகு கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவர் எழுந்து, "சார், அந்தக் காலத்துல கோயிலுக்கு யாருமே வர மாட்டாங்களா?" என்று கேட்டார். வகுப்பே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் கேட்டது மிகச் சரியான கேள்வி. அந்தப் படத்தில் ஓர் ஆள்கூட இல்லை!

மதுரைக் கோயில் வாசலில் ஆளே இல்லாத ஒரு பகற்பொழுதை உங்களால் நினைத்துப் பார்க்க முடிகிறதா? பூக்காரர் எங்கே? வண்டி மாடு எங்கே? நிழலில் படுத்திருக்கும் பரதேசி எங்கே? படம் பொய் சொல்லாது என்று நாம் நம்புகிறோம். அப்படியானால் ஆட்கள் எங்கே போனார்கள்? இந்த ஒரு கேள்விக்கு விடை தேடிப் புறப்பட்டால் வேதியியல், இயற்பியல், அரசியல் என மூன்றையும் தொட்டுவிட்டுத்தான் திரும்ப முடியும். வாருங்கள், புறப்படுவோம்.

அசையாத மாதிரி

ஒளிப்படக் கலையின் தொடக்கத்தைப் புரட்டிப் பாருங்கள். முதலில் படமாகியவை பெரும்பாலும் கட்டடங்களே. பிரான்சு நாட்டு நியெப்ஸ் என்பவர் 1826 அல்லது 1827இல் தம் வீட்டு மாடிச் சன்னலிலிருந்து எடுத்த காட்சிதான் கேமராவில் பதிந்து இன்றுவரை அழியாமல் இருக்கும் படங்களில் மிகப் பழையது. அதில் இருப்பவை கூரைகளும் சுவர்களும். வெள்ளீயக் கலப்புத் தகட்டில் ஒருவகை நிலக்கீலைப் பூசி, அதன்மேல் ஒளி விழச் செய்தார். ஒளி பட்ட இடம் இறுகியது. படாத இடம் எண்ணெயில் கரைந்து போனது. இதற்குக் குறைந்தது 8 மணி நேரம் ஆனது. சில நாட்களே ஆகியிருக்கலாம் என்று கருதுவோரும் உண்டு. அந்தப் படத்தில் எதிரெதிர் சுவர்கள் இரண்டிலும் வெயில் விழுந்திருக்கிறது! காலைச் சூரியனும் மாலைச் சூரியனும் ஒரே படத்தில் பதிந்துவிட்டன.

இங்கிலாந்தில் டால்பட் என்பவர் 1835இல் தம் மாளிகையின் பலகணி ஒன்றைச் சிறு காகிதத் துண்டில் பதித்தார். அதுவும் கட்டடமே. பிரான்சில் டாகர் 1838இல் வெள்ளி பூசிய செப்புத் தகட்டில் பாரிஸ் நகரத் தெரு ஒன்றைப் படமெடுத்தார். அது வண்டிகளும் மக்களும் நிறைந்த தெரு. படத்தில் தெரு வெறிச்சோடிக் கிடக்கிறது. ஒரு மூலையில் மட்டும் ஒரு மனித உருவம் தெரிகிறது. சப்பாத்துக்கு மெருகேற்றிக்கொள்வதற்காக ஒரு காலைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றவர் அவர். அசையாமல் நின்றதால் பதிந்தார்.

இப்போது விடையின் முதற்பகுதி உங்களுக்குத் தெரிந்திருக்கும். அக்காலக் காகிதமும் தகடும் மிகவும் மந்தமானவை. அசையாமல் நிற்கும் மாதிரி ஒன்று அவற்றுக்குத் தேவைப்பட்டது. மனிதன் கண் சிமிட்டுவான், மூச்சு விடுவான், மரத்தின் இலை ஆடும். கல்லும் சுவரும் மட்டுமே எத்தனை நிமிடமானாலும் பொறுமையாக நின்றன. கட்டடக் கலையின்மேல் கொண்ட காதல் மட்டுமே கட்டடப் படங்களுக்குக் காரணம் என்று எண்ண வேண்டாம். கட்டடத்தை முதல் மாதிரியாகத் தேர்ந்தெடுத்தது வேதியியல்!

ஒரு சிறு கணக்கு

"மெதுவாகப் பதிந்தால் நடப்பவர்கள் மங்கலாகத் தெரிய வேண்டுமே, முற்றிலும் மறைவது எப்படி?" என்று நீங்கள் கேட்கலாம். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

கோபுர வாசலுக்கு முன்னால் ஒருவர் குறுக்கே நடந்து போகிறார் எனக் கொள்வோம். வேகம் வினாடிக்கு 1.25 மீட்டர். அவர் உடலின் அகலம் அரை மீட்டர். எனவே பின்னால் உள்ள சுவரின் எந்த ஒரு புள்ளியையும் அவர் மறைத்து நிற்கும் நேரம் 0.5 / 1.25 = 0.4 வினாடி. கேமரா 5 நிமிடம், அதாவது 300 வினாடி திறந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் புள்ளியிலிருந்து வரும் மொத்த ஒளியில் அவர் தடுத்தது 750இல் ஒரு பங்கு. இதைக் காகிதமும் உணராது, நம் கண்ணும் உணராது.

அந்த 5 நிமிடத்தில் 10 பேர் நடந்தாலும் தடைப்படுவது 75இல் ஒரு பங்குதான். 100 பேர் நடந்தால் 40 வினாடி மறையும். ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு. அப்போதுதான் சுவரின் அடியில் லேசான மூட்டம் போல ஏதோ தெரியும். ஆக, ஓர் ஊரே கடந்து போனால்கூட அக்காலக் கேமராவுக்கு அது வெறும் பனிமூட்டமே. பழைய கட்டடப் படங்களில் தரையோரமாகத் தெரியும் புகை போன்ற தீற்றலைக் கறை என்று ஒதுக்கிவிடாதீர்கள். அது நடந்துபோன மனிதர்களின் கூட்டுத்தொகையாக இருக்கலாம்.

காகிதமா, கண்ணாடியா?

இனி அந்தப் படம் எதன்மேல் எடுக்கப்பட்டது என்று பார்ப்போம். டாகரின் முறையில் ஒரு தகடு, ஒரே படம். பிரதி எடுக்க முடியாது. டால்பட் 1840இல் கண்டுபிடித்து மறு ஆண்டு காப்புரிமை பெற்ற முறையில் முதலில் காகிதத்தில் நெகடிவ் கிடைக்கும். அதிலிருந்து எத்தனை பிரதி வேண்டுமானாலும் எடுக்கலாம். ஓர் ஊரின் கட்டடத்தைப் பல ஊர்களில் உள்ளவர்கள் பார்க்க வேண்டுமானால் பிரதி தேவை. எனவே கட்டடப் படக்காரர்கள் காகிதத்தை நாடினார்கள்.

ஆனால் காகிதத்தில் நார் உண்டு. பிரதி எடுக்கும்போது ஒளி அந்த நாரில் சிதறிப் படம் சொரசொரப்பாகும். குஸ்தாவ் லெ கிரே என்ற பிரெஞ்சுக்காரர் 1851இல் இதற்கு ஒரு வழியை வெளியிட்டார். காகிதத்தில் முதலில் மெழுகை உருக்கி ஊற வைத்துத் தேய்ப்புப் பெட்டியால் தேய்த்தார். பலகாரம் பொதிந்த தாளில் எண்ணெய் ஊறிய இடம் கண்ணாடிபோல் தெரிவதைப் பார்த்திருப்பீர்கள் அல்லவா? நாருக்கும் காற்றுக்கும் இடையே ஒளிவிலகல் எண் வேறுபாடு அதிகம். காற்று இருந்த இடத்தை மெழுகு நிரப்பியதும் அந்த வேறுபாடு குறைகிறது, சிதறலும் குறைகிறது. நம் வீட்டுப் பலகாரத் தாளில் நடப்பதும் லெ கிரேயின் நெகடிவில் நடப்பதும் ஒரே இயற்பியல்தான்.

அடுத்து அந்தக் காகிதத்தைப் பொட்டாசியம் அயோடைடு கலந்த நீரில் ஊற வைப்பார்கள். லெ கிரேயின் செய்முறையில் அந்த நீருடன் அரிசி வேகவைத்த கஞ்சி நீரும் சேரும் என்பது நமக்குச் சுவையான செய்தி! காய்ந்த பிறகு வெள்ளி நைட்ரேட்டுக் கரைசலில் தோய்த்தால் காகிதத்திலேயே வெள்ளி அயோடைடு உண்டாகும். ஒளியை உணர்வது இதுதான். மிஞ்சிய வெள்ளி நைட்ரேட்டைக் கழுவி, இருட்டில் உலர்த்தி வைத்துக்கொண்டால் பல நாட்கள் கழித்தும் பயன்படுத்தலாம்.

ஒளி பட்டு முடிந்ததும் காகிதத்தில் எதுவும் தெரியாது. ஒளி பட்ட படிகங்களில் சில வெள்ளி அணுக்கள் மட்டும் தோன்றியிருக்கும். மாசிக்காயிலிருந்து கிடைக்கும் கேலிக் அமிலத்தில் அந்தக் காகிதத்தைப் போட்டால், அந்தச் சில அணுக்களை விதையாகக் கொண்டு மேலும் மேலும் வெள்ளி படிந்து உருவம் எழும். இதற்கே மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும். கடைசியாக ஹைப்போ கரைசலில் கழுவினால் மிஞ்சிய அயோடைடு நீங்கி, படம் நிலைக்கும். இப்படிக் கிடைத்த நெகடிவை, முட்டையின் வெண்கரு பூசி வெள்ளி உப்பு ஏற்றிய தாளின்மேல் அழுத்தி வெயிலில் வைத்தால் பிரதி கிடைக்கும். நெகடிவ் எவ்வளவு பெரிதோ பிரதியும் அவ்வளவே. பெரிய படம் வேண்டுமானால் பெரிய கேமராவைச் சுமந்துதான் ஆக வேண்டும்.

அதே 1851இல் ஆர்ச்சர் என்ற ஆங்கிலேயர் கண்ணாடித் தகட்டில் கொலோடியன் பூசும் முறையை வெளியிட்டார். அது காகிதத்தைவிட வேகமானது, தெளிவானது. ஆனால் ஒரு நிபந்தனை: பூச்சு ஈரமாக இருக்கும்போதே படமெடுத்து, அங்கேயே உருத்துலக்கிவிட வேண்டும். குளிர்நாட்டில் சில நிமிடம் கிடைக்கும். நம் சித்திரை வெயிலில் அந்தச் சில நிமிடமும் சுருங்கிப்போகும். போகுமிடமெல்லாம் இருட்டறைக் கூடாரமும் உடையக்கூடிய கண்ணாடியும் கூடவே வர வேண்டும். மெழுகுக் காகிதமோ முன்பே செய்து புத்தகம்போல் அடுக்கி எடுத்துச் செல்லக்கூடியது. கரடுமுரடான பாதையில் வெகுதூரம் போகிறவர் எதைத் தேர்ந்தெடுப்பார்? வேகத்தை விட்டுக்கொடுத்துக் காகிதத்தையே எடுத்துக்கொள்வார். அந்தத் தேர்வுடன் மனிதர்களையும் சேர்த்தே விட்டுக்கொடுக்கிறார் என்பதைக் கவனியுங்கள்.

அரசாங்கத்துக்கு ஒரு கண்

இந்தப் பொருட்களெல்லாம் மலிவானவை அல்ல. வெள்ளி, பொன் உப்பு, நல்ல காகிதம், ஆட்கூலி என்று செலவு நீளும். அதைக் கொடுத்தது யார்? எதற்காகக் கொடுத்தார்கள்?

பிரான்சில் 1837இல் ஏற்பட்ட வரலாற்றுச் சின்னங்கள் ஆணையம் பழைய தேவாலயங்களையும் கோட்டைகளையும் பழுதுபார்க்க விரும்பியது. எதை முதலில் பழுதுபார்ப்பது என்று பாரிசில் உட்கார்ந்தபடி முடிவு செய்யப் படங்கள் வேண்டியிருந்தன. 1851இல் ஐந்து படக்காரர்களைத் தேர்ந்து ஆளுக்கொரு திசையில் அனுப்பியது: பால்டூஸ், பயார், லெ செக், மெஸ்ட்ரால், நாம் மேலே கண்ட லெ கிரே. அவர்கள் கொண்டுவந்த படங்களை ஆணையம் வெளியிடவில்லை; கோப்பில் வைத்துவிட்டது. ஆயினும் கர்க்கசோன் கோட்டையை வியோலெ லெ துக் என்ற கட்டடக் கலைஞர் 1853 முதல் தம் கருத்துப்படி புதுப்பிக்கத் தொடங்கினார். அதற்கு முன் அது எப்படி இருந்தது என்பதற்கு அந்தக் காகிதங்கள் சாட்சியாயின.

இந்தியாவில் கிழக்கிந்தியக் கம்பெனிக்கும் இதே எண்ணம் வந்தது. பழைய சின்னங்களை ஓவியர்களைக் கொண்டு வரைவதைவிட ஒளிப்படம் எடுப்பது துல்லியம், செலவும் குறைவு என்று 1855 வாக்கில் லண்டன் இயக்குநர்கள் கருதினார்கள். ஓவியரின் கை தவறலாம், கேமராவின் கண் தவறாது என்பது அவர்கள் வாதம். தன் ஆளுகையில் உள்ள நாட்டில் என்னென்ன இருக்கின்றன என்று பட்டியல் போட விரும்பும் ஓர் ஆட்சிக்கு இதைவிட நல்ல கருவி கிடைக்குமா?

மாட்டு வண்டியில் ஓர் இருட்டறை

இந்தப் பின்னணியில்தான் லினேயஸ் டிரைப் வருகிறார். 1822இல் இங்கிலாந்தில் டெவன்போர்ட்டில் பிறந்து, 1839இல் கம்பெனியின் சென்னைப் படையில் சேர்ந்தவர். 1854இல் ஹளேபீடு, பேலூர் கோயில்களைப் படமெடுத்து மறு ஆண்டு சென்னைக் கண்காட்சியில் வைத்துப் பரிசு பெற்றார். 1855இல் பர்மாவுக்குச் சென்ற அரசுத் தூதுக்குழுவுடன் போய் 200க்கும் மேற்பட்ட காகித நெகடிவ்களுடன் திரும்பினார். 1856இல் சென்னை அரசாங்கத்தின் ஒளிப்படக்காரராக நியமனம் பெற்றார்.

1857 டிசம்பரில் பெங்களூரிலிருந்து வண்டிகள் புறப்பட்டன. இராயக்கோட்டை, சேலம், திருச்சி, திருவரங்கம், மதுரை, புதுக்கோட்டை, தஞ்சை என்று நான்கு மாதங்களுக்கு மேல் நடந்த பயணம் அது. வடக்கே சிப்பாய்களின் கிளர்ச்சி இன்னும் அடங்காத மாதங்கள் என்பதை நினைவில் வையுங்கள். கம்பெனிப் படையின் கேப்டன் ஒருவர் கோட்டைகளையும் கோயில்களையும் அரண்மனைகளையும் படமெடுத்துக்கொண்டு போகிறார். அவர் எடுத்தவை கலைப் படங்கள். அதே வேளையில் ஆட்சியாளரின் ஆவணங்களும்கூட.

வேலையில் அவர் கைதேர்ந்தவர். ஒரு கோபுரத்தைப் படமெடுக்கக் கேமராவை அண்ணாந்து பார்க்கச் செய்தால் என்ன ஆகும்? காகிதம் கோபுரத்துக்கு இணையாக இல்லாமல் சாய்ந்துவிடும். உச்சி கேமராவிலிருந்து தொலைவாகி, செங்குத்துக் கோடுகள் மேலே நெருங்கி வரும். கோபுரம் பின்னால் சாய்வதுபோல் தோன்றும். எனவே கட்டடப் படக்காரர் காகிதத்தைச் செங்குத்தாகவே வைத்து, தொலைவில் போய் நின்றோ, உயரமான இடத்தில் ஏறியோ, லென்சை மட்டும் மேலே உயர்த்தியோ எடுப்பார். டிரைப்பின் படங்களில் தூண்கள் நூல் பிடித்தாற்போல் நிற்பதைக் காணலாம்.

இன்னொரு சிக்கல் வானம். வெள்ளி அயோடைடு நீலத்தையும் ஊதாவையும் மட்டுமே உணரும். ஒளியின் ஒவ்வொரு துகளும் கொண்டுவரும் ஆற்றல் அலைநீளத்தைப் பொறுத்தது. ஊதா ஒளித்துகளின் ஆற்றல் ஏறத்தாழ 3 எலக்ட்ரான் வோல்ட். சிவப்புக்கு 2க்கும் குறைவு. வெள்ளி அயோடைடைத் தூண்டச் சிவப்புக்குப் போதிய வலுவில்லை. ஆகவே செங்கல், காவிக்கல், பச்சை இலை எல்லாம் கறுப்பாகின. நீல வானம் வெளிறிப் போனது. மேகங்கள் பதியவே இல்லை. டிரைப் தம் நெகடிவ்களில் தூரிகையால் வண்ணம் தீட்டி மேகங்களை உண்டாக்கினார்! தவறாத கண் என்று அதிகாரிகள் நம்பிய படத்தில் வானம் கைவேலை. இதை மோசடி என்று சொல்ல மாட்டேன். கண்ணால் கண்டதைக் காகிதம் தர மறுத்தபோது கையால் திருத்தினார். ஆனால் ஒன்றைப் பாருங்கள்: காகிதம் தர மறுத்த மேகத்தை அவர் திரும்பக் கொண்டுவந்தார். காகிதம் தர மறுத்த மனிதர்களைக் கொண்டுவரவில்லை.

வேதியியல் மட்டுமா காரணம்?

இங்கேதான் விடையின் இரண்டாம் பகுதி இருக்கிறது. ஆளை அசையாமல் நிறுத்திப் படமெடுக்க அக்காலத்தில் முடியாமல் இல்லை. கட்டடத்தின் உயரத்தைக் காட்டுவதற்காக ஒருவரைத் தூணருகில் அளவுகோல்போல் நிறுத்தி எடுத்தவர்கள் உண்டு. எனவே மந்தமான காகிதம் நடப்பவர்களை அழித்தது. நிற்கவைத்துப் பதிக்கக்கூடியவர்களையும் விலக்கியது மனிதரின் தேர்வு. சின்னங்களைப் பதிவு செய்வதே டிரைப்புக்கு இட்ட பணி. அந்தப் பணிக்குக் கட்டடம் போதும். அதில் வாழ்பவர்கள் தேவையில்லை.

இதன் விளைவு என்ன? லண்டனில் அந்தத் தொகுப்பைப் புரட்டுபவருக்கு மதுரையும் திருவரங்கமும் எப்படித் தோன்றும்? பாழடைந்த பழங்காலம் போல! நாள்தோறும் பூசை நடந்து, திருவிழாவில் தேர் ஓடிக்கொண்டிருந்த கோயில்கள் எகிப்தின் பிரமிடுகளைப்போல் மௌனமாகிவிட்டன. மக்கள் இல்லாத கோயில் யாருக்கும் சொந்தமில்லாத கோயில். பாதுகாக்க ஒருவர் வர வேண்டிய கோயில். அந்த ஒருவர் யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஜேம்ஸ் ஃபெர்குசன் என்ற அறிஞர் 1876இல் இந்தியக் கட்டடக் கலை வரலாற்றைப் பெரிய நூலாக வெளியிட்டார். முன்பு இந்தியாவில் பயணம் செய்தவர்தான். ஆயினும் லண்டனில் அமர்ந்து எழுதும்போது அவருக்குப் பெருந்துணையாக இருந்தவை அவர் சேர்த்து வைத்திருந்த ஒளிப்படங்களே. திருவரங்கத்தில் வெளிக்கோபுரங்கள் பெரிதாகவும் உள்ளே போகப் போகச் சிறியனவாகவும் இருப்பதை அவர் குறையாகக் கண்டார். வரிசையைத் தலைகீழாக்கினால் சிறப்பாயிருக்கும் என்பது அவர் கருத்து. தள்ளி நின்று ஒரு வடிவமாகப் பார்ப்பவருக்கு அப்படித்தான் தோன்றும். ஆனால் அங்கே நடந்து போகிற ஒரு பாட்டியைக் கேளுங்கள். தெரு, கடை, மதில், மண்டபம் என்று ஒவ்வொன்றாகக் கடந்து கூட்டமும் வெளிச்சமும் குறைந்துகொண்டே போய்க் கருவறை இருளில் ஒரு விளக்கின் முன் நிற்பதுதான் அவளுக்குக் கோயில். கோயில் ஒரு வடிவம் மட்டுமன்று, ஒரு நடை. நடையைத்தான் காகிதத்தால் பிடிக்க முடியவில்லை.

மதுரைத் தொகுப்பில் மற்றொரு படத்தைப் பாருங்கள்: பிளாக்பர்ன் நினைவுச் சின்னம். பெயர் புதிதாக இருக்கிறதா? மதுரைக்காரர்கள் தினமும் பேருந்து நடத்துநரிடம் சொல்லும் விளக்குத்தூண்தான் அது! மதுரையின் பழைய கோட்டை மதிலை இடித்து நகரை விரிவாக்கிய கலெக்டர் பிளாக்பர்னின் நினைவாக எழுப்பப்பட்டது. நாயக்கர் அரண்மனையின் இடிபாடும், கோயிலும், கலெக்டரின் விளக்குத்தூணும் ஒரே தொகுப்பில். பழையவர்கள் கட்டினார்கள், அது சிதைந்தது, நாங்கள் வந்தோம் என்ற கதையை அந்த வரிசை சொல்லாமல் சொல்கிறது.

கல்லைப் படித்த கேமரா

டிரைப்பின்மேல் குற்றம் சாட்டிவிட்டு முடித்துவிட்டால் நான் நேர்மையற்றவனாவேன். தஞ்சையில் அவர் செய்த வேலை அப்படிப்பட்டது.

பெருவுடையார் கோயில் விமானத்தின் அடித்தளத்தைச் சுற்றிச் சோழர் காலக் கல்வெட்டுகள் வரிவரியாக ஓடுகின்றன. பொதுவாக அகன்ற காட்சிப் படம் எடுப்பவர் ஓரிடத்தில் நின்று கேமராவைத் திருப்புவார். சுவரில் ஓடும் எழுத்துக்கு அது உதவாது; ஓரங்களில் எழுத்து சாய்ந்து குறுகிவிடும். டிரைப் கேமராவையே சுவரையொட்டி இடம் மாற்றி இடம் மாற்றிப் படமெடுத்தார். நாம் ஒரு வரியைப் படிக்கும்போது கண்ணை நகர்த்துவதுபோல! அப்படி எடுத்த 21 படங்களை ஒட்டிச் சேர்த்தபோது 19 அடிக்கும் மேற்பட்ட நீளமுள்ள ஒரே நாடா கிடைத்தது.

இதன் அருமை என்ன? வெட்டெழுத்தில் வண்ணம் கிடையாது; பள்ளம் மட்டுமே உண்டு. பள்ளம் தெரிய நிழல் வேண்டும். வெயில் நேராக விழுந்தால் எழுத்து மறையும்; பக்கவாட்டில் சாய்வாக விழுந்தால் துலங்கும். விமானத்தின் நான்கு புறத்துக்கும் நான்கு வேறு பொழுதுகள். எந்தப் பக்கத்தை எப்போது எடுப்பது என்று சூரியனோடு ஒப்பந்தம் செய்துகொள்ளாமல் இந்த வேலை நடந்திருக்காது. பின்னாளில் கல்வெட்டு அறிஞர்கள் ஈரத்தாளைக் கல்லின்மேல் ஒற்றி மை தடவி எடுத்த மைப்படிகள் இந்த வெயில் சிக்கல் இல்லாதவை. ஹூல்ட்ஸ் அந்தக் கல்வெட்டுகளை 1890களில் படித்து அச்சிட்டார். அதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பே, தஞ்சையைக் காணாதவரும் எழுத்தைக் காணும்படி செய்தது அந்தக் காகித நாடா.

அந்த அடித்தளக் கல்வெட்டு என்ன சொல்கிறது தெரியுமா? கோயிலுக்குத் தான் கொடுத்ததையும், தன் தமக்கை கொடுத்ததையும், மற்றவர்கள் கொடுத்ததையும் கல்லில் வெட்டுமாறு இராசராசன் இட்ட ஆணை. அதே கோயில் மதிற்சுவரின் வேறொரு கல்வெட்டில் பல ஊர்களிலிருந்து வரவழைக்கப்பட்ட 400 ஆடல் மகளிரின் பெயர்கள், அவர்களுக்குக் கொடுத்த வீடுகளுடன் இருக்கின்றன. இசைக்கலைஞர் முதலிய பணியாளர்களும் இருக்கிறார்கள். ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய கல் தன் மனிதர்களைப் பெயர் சொல்லி வைத்திருக்கிறது. 1858ஆம் ஆண்டின் காகிதத்தில் ஒரு பெயரும் இல்லை, ஒரு முகமும் இல்லை. வண்டி ஓட்டியவர், தண்ணீர் சுமந்தவர், கூடாரத்தின் இருட்டில் தாள் கழுவியவர் ஆகியோர் பெயர்களும் அந்தப் படங்களின்மேல் இல்லை. டிரைப்பின் கையொப்பம் மட்டுமே.

இத்தனை உழைப்பும் நெடுநாள் நீடிக்கவில்லை. 1859இல் சென்னை ஆளுநராக வந்த டிரெவெலியன், இந்த ஒளிப்பட வேலையைப் பெரும் ஆடம்பரம் என்று கருதி நிறுத்திவிட்டார். 1860இல் டிரைப்பின் நிலையம் மூடப்பட்டது. கிளர்ச்சியால் கருவூலம் வற்றிய காலம் அது. செலவு குறைவு என்று தொடங்கிய வேலை செலவு அதிகம் என்று முடிந்தது.

இனி நீங்கள் செய்ய வேண்டியது

வகுப்பில் கேட்ட மாணவருக்கு நான் அன்று சொன்ன விடை சுருக்கமானது: "வந்தார்கள் தம்பி, ஆயிரக்கணக்கில் வந்தார்கள். காகிதம் அவர்களுக்காகக் காத்திருக்கவில்லை. காத்திருக்கச் சொல்லி அதை அனுப்பியவர்களும் கேட்கவில்லை."

உங்கள் ஊர்க் கோயிலின், பள்ளியின், கடைத்தெருவின் பழைய படம் ஒன்று எங்காவது இருக்கும். தேடிப் பிடியுங்கள். நிழல் விழும் திசையைக் கொண்டு காலையா மாலையா என்று கண்டுபிடியுங்கள். வானம் வெளிறியிருக்கிறதா, மேகம் இருக்கிறதா என்று பாருங்கள். இலைகள் தெளிவா, மங்கலா? தரையோரம் மூட்டம் உண்டா? எத்தனை நிமிடம் கேமரா திறந்திருந்தது என்பதற்குக் குறிப்பு அதில் கிடைக்கும். பிறகு கடைசிக் கேள்வியைக் கேளுங்கள்: இதை யார், யாருக்காக எடுத்தார்கள்?

இன்று நம் கைப்பேசி வினாடியின் நூற்றில் ஒரு பங்கில் கூட்டத்தை முகம் முகமாகப் பதித்துவிடுகிறது. வேதியியலின் தடை நீங்கிவிட்டது. ஆனாலும் கோயிலைப் படமெடுக்கும்போது நாம் என்ன செய்கிறோம்? "கொஞ்சம் நகருங்க, ஆள் இல்லாம எடுக்கணும்" என்கிறோம். காகிதத்துக்கு இருந்தது மந்தம். நமக்கு இருப்பது பழக்கம். அடுத்த முறை வாசலில் பூக்கட்டும் அம்மாவையும் சேர்த்தே எடுத்து, அவர் பெயரையும் கேட்டு எழுதி வையுங்கள். 150 ஆண்டு கழித்து ஒரு வகுப்பில் அந்தப் படத்தைப் பார்க்கும் மாணவர் வேறு கேள்வி கேட்கட்டும்!